படப்புத்தகத்துல எழுதியிருக்கற மாதிரியே வாசிக்கணுங்களா, நம்ம பேச்சுல மாத்திச் சொல்லலாமுங்களா?

பனியன்காரன் (திருப்பூர்)

வணக்கமுங்க. இங்க மத்தவங்க எழுதறதைப் படிக்கறதோட சரி, நான் எழுதறது இதான் மொதத் தடவை. பனியன் கம்பெனியில செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். பாப்பாவுக்கு மூணரை வயசு, வர்ற ஜூன்ல எல்.கே.ஜி. சேர்க்கணும்.

எங்க ஊரு புத்தகத் திருவிழாவுக்குப் போனப்ப பாப்பா ஒரு கடையில உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. அழுகையை நிறுத்தறதுக்கு ஒல்லி ஒல்லியா கொஞ்சம் படப்புத்தகம் வாங்கியாந்தோம். அதுல ஒண்ணு, கொடியில காயப்போட்ட துணியெல்லாம் ஒரு ஆடு தின்னுட்டே போற கதை. (பனியன் ஊருல ஆடு துணி திங்கறது ஒண்ணும் அதிசயமில்லீங்க. வேஸ்ட் குடோன் பக்கம் வந்து பாருங்க.) அதிலிருந்து ராத்திரியானா அதேதான். வேற எதை எடுத்தாலும் தள்ளி விட்டுட்டு ஆட்டைக் கொண்டாங்கறா.

எனக்குச் சின்ன வயசுல யாரும் வாசிச்சுக் காட்டினதில்லை. எங்கப்பா தறி ஓட்டினவரு. வீட்டுல அச்சடிச்ச தாள்னா பஞ்சாங்கமும் ரேஷன் கார்டுந்தான். அதனால இதை எப்படிப் பண்றதுன்னு ஒரு வெவரமும் தெரியாமத்தான் பண்ணிட்டிருக்கேன்.

புத்தகத்துல "ஆடு மெல்ல மெல்லக் கொடியருகே சென்றது"ன்னு இருக்குது. அதை அப்படியே வாசிச்சா ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்குதுன்னு அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா சிரிக்கறாங்க. சரின்னு "ஆடு பையக் கொடிகிட்டப் போச்சு"ன்னு மாத்திச் சொன்னா, பாப்பா என் வாயைப் பொத்தி "அப்படியில்ல, மெல்ல மெல்ல"ங்கறா. எழுத்தே தெரியாத புள்ளைக்கு அது எப்படித் தெரியுதுன்னு புரியலை. எது சரிங்க?

இன்னொண்ணு, நேரா வாசிக்க விடறதில்லை. பாதியில நிறுத்திப் பின்னால திருப்பறா. சேலை காணாமப் போற பக்கம் வந்தா மறுபடி மொதப் பக்கத்துக்கே போயிடறா. கதை முடியறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருது. இதைத் தடுக்கணுங்களா, விட்டுடணுங்களா?

"இதுக்கு இவ்வளவு நேரமா, போன்ல ரைம்ஸ் போட்டா இங்கிலீஷாவது வரும்"னு வீட்டுல சொல்றாங்க. அவங்க சொல்றதும் தப்பில்லைன்னு சில நேரம் தோணும். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா, சிரிக்காதீங்க. நைட் ஷிப்ட் வந்து வாசிக்க முடியாமப் போற அன்னைக்கு, பாப்பாவை விட எனக்குத்தான் மனசு கேக்கறதில்லை.


கறிவேப்பிலை (மதுரை)

சிரிக்கலை அண்ணா. எங்க வீட்டுலயும் இதே கூத்துதான். ஆட்டுக்குப் பதிலா ஒரு பல்லி, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசிக்கிற முறையைப் பத்தி டீச்சரம்மா வந்து சொல்வாங்க, இந்தப் பேச்சு எங்க நடந்தாலும் அவங்க விட மாட்டாங்க. நான் புத்தகம் கிடைக்கிற வழியை மட்டும் சொல்லிட்டுப் போறேன். பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் தளம் 2015-லிருந்து இருக்கு. தமிழ்ப் படக்கதைகள் நிறைய, காசு கிடையாது, இறக்கிப் பிரிண்ட் எடுத்துக்கலாம். நிலை ஒண்ணு, ரெண்டுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. பாப்பா வயசுக்கு ஒண்ணு, ரெண்டு போதும்னாலும் நான் நிலையைப் பார்த்து எடுக்கிறதில்ல, படத்தைப் பார்த்துத்தான் எடுப்பேன். காசு குடுத்து வாங்கணும்னா சென்னையில துளிகா இருக்கு. 1996-ல ஆரம்பிச்சவங்க, ஒரே புத்தகத்தைத் தமிழ் உட்பட பல மொழியில போடுறாங்க. பாரதி புத்தகாலயத்தோட சிறுவர் நூல்கள், நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் எல்லாம் விலை கையைக் கடிக்காது.

திருவான்மியூர் தாரா புக்ஸ் பத்தியும் சொல்லணும். கையால செஞ்ச காகிதத்துல கையாலயே திரை அச்சு போட்டுக் கொண்டு வர்ற புத்தகங்கள் அவங்க தனிச்சிறப்பு. கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைஞ்ச கறுப்புத் தாள் புத்தகம் ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு. அது என் புத்தகம். பக்கம் புரட்டுற உரிமை எனக்கு மட்டும்தான், பொண்ணு கையைக் கட்டிக்கிட்டு பக்கத்துல உக்காரலாம்.

மதுரைப் பக்கம் வந்தா நத்தம் ரோட்டுல 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க. குழந்தைங்க பிரிவுல விட்டுட்டா வெளிய கூட்டிட்டு வர்றதுதான் கஷ்டம்.

ரைம்ஸுக்காக வீட்டுல சண்டை போடாதீங்க. அதுவும் ஒரு பக்கம் ஓடட்டும்.


உப்பளத்து டீச்சர் (தூத்துக்குடி)

கறிவேப்பிலை சொன்னது நெசம்தான், இந்தப் பேச்சை நான் விட மாட்டேன். அங்கன்வாடியிலிருந்து ரிட்டையர் ஆகி வீட்டுல இருக்கேன், பேச ஆள் வேணும்லா.

தம்பி, பதிலை முதல்லயே சொல்லிருதேன். எழுத்தை எழுத்தாவே வாசிங்க. படத்தை உங்க பேச்சுல பேசுங்க. ரெண்டையும் போட்டுக் கலக்காதீங்க. "ஆடு மெல்ல மெல்லக் கொடியருகே சென்றது"ன்னு விரலை வரிக்குக் கீழ ஓட்டி வாசிச்சு முடிங்க. முடிச்சதும் விரலைப் படத்துக்குக் கொண்டு போயி, "இது முழியைப் பாத்தியா சாமி, யாராச்சும் பாக்கறாங்களான்னு பாக்குது"ன்னு உங்க ஊர்ப் பேச்சுல பேசுங்க. விரல் இருக்கிற இடத்தை வச்சே பிள்ளைக்குத் தெரிஞ்சிரும், இப்ப பேசுறது புத்தகமா அப்பாவான்னு.

பாப்பா ஏன் வாயைப் பொத்துறா? அந்த "மெல்ல மெல்ல" அவளுக்குப் பிடிச்சிருக்கு, அது நேத்து வந்த எடத்துலயே இன்னைக்கும் வரணும். நாம பேசுறப்ப ஒரு தடவை சொன்னதை மறுதடவை அதே மாதிரி சொல்றதே இல்ல. புத்தகம் ஒண்ணுதான் நேத்துச் சொன்னதை மாத்தாமச் சொல்லுது. மூணு வயசுப் பிள்ளைக்கு அது பெரிய அதிசயம். அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே அதுக்காகக் காத்துக் கிடக்குறதுல ஒரு சொகம் இருக்கு. நமக்கும் அது உண்டு. தெரிஞ்ச பாட்டுல பிடிச்ச வரி வரட்டும்னு நாம காத்திருக்கது இல்லையா?

நான் 1984-ல தருவைகுளம் பக்கத்துல ஒரு பால்வாடியில சேர்ந்தேன். முக்காவாசிப் பேரு உப்பளத்து வேலைக்குப் போறவங்க பிள்ளைக. விடியுமுன்னே கொண்டாந்து விட்டுட்டுப் போயிருவாங்க. ஒரு கரும்பலகை, கொஞ்சம் பிளாஸ்டிக் சாமான், சத்துமாவு உருண்டை, அதுதான் எங்க பால்வாடி. எங்க அண்ணன் தீப்பெட்டி ஆபீஸ் யூனியன்ல இருந்தான். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரங்க எங்க கடை விரிச்சாலும் போயி ரஷ்யப் புத்தகமா அள்ளிட்டு வருவான். மாஸ்கோவுல அச்சடிச்ச தமிழ்ப் புத்தகம். அவன் வாங்குறது எல்லாம் லெனின், மார்க்ஸ். ஆனா கூடவே எனக்குன்னு பிள்ளைகளுக்கான படப்புத்தகமும் ரெண்டு எடுத்து வருவான், ஏன்னா அது டீ, வடை காசுக்குக் கிடைக்கும். பெரிய பெரிய தாள், பக்கம் பூரா கலரு.

ஒரு புத்தகத்துல ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பனி. வெள்ளை வெளேர்னு கெடக்கு, நடுவுல ஒரு கரடி. நான் வாயைத் தொறக்குமுன்னே ஒரு பய எந்திரிச்சு, "டீச்சர், கரடி உப்பளத்துல நிக்கி!"ன்னான். அவ்வளவுதான், அத்தனை பிள்ளையும் எந்திரிச்சு வந்துட்டு. ஒருத்தி கரடியோட காலைத் தொட்டுப் பாத்து, "செருப்புப் போடலையே, புண்ணாயிரும்லா"ன்னா. அவ அம்மா காலு அப்படித்தான் இருக்கும், உப்புத்தண்ணியிலயே நின்னு நின்னு. நான் ரஷ்யா, குளிர்காலம்னு பாடம் எடுக்கப் போகலை. புத்தகத்துல எழுதியிருக்கதை வாசிச்சேன். குளிர் தாங்காம கரடி தூங்கப் போகுது. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பொறவு அதே பயதான் சொன்னான், "குளிருதுன்னா அது உப்பு இல்ல டீச்சர். உப்பளம் சுடும்லா." அவன் மூஞ்சியைப் பாக்கணுமே! நான் முதல்லயே பனின்னு வெளக்கியிருந்தா அந்தச் சந்தோசத்தை நான்லா எடுத்துக்கிட்டிருப்பேன்.

1991-ல சோவியத்து போச்சு, அந்தப் புத்தகமும் நின்னு போச்சு. எங்கிட்ட மிச்சம் இருந்ததைக் கரையான் பாதியும் பிள்ளைக பாதியும் தின்னு தீத்துட்டு.

அந்தப் பிள்ளைக வெளையாடுறதைக் கவனிச்சிருக்கேன். சோறு பொங்கி வெளையாடுறப்ப "ஏட்டி, இங்க வாட்டி"ன்னு பேசும். அதுலயே ஒருத்தி கரடி ஆயிட்டான்னா, "நான் உறங்கச் செல்கிறேன்"னு மாறிரும். யாரும் சொல்லிக் குடுக்கலை. ராசா, கரடி, பேயி எல்லாம் புத்தகத் தமிழ்தான் பேசும்னு அதுகளே முடிவு பண்ணி வச்சிருந்துச்சு. நாளைக்கு ஒண்ணாப்புக்குப் போனா பாடத்துல "சென்றான், கூறினாள்"னுதான் வரும். முன்னாலயே காதால கேட்டுப் பழகின பிள்ளைக்கு எழுத்தை மட்டும் பிடிச்சாப் போதும். கேக்காத பிள்ளைக்கு எழுத்தும் புதுசு, அந்தப் பேச்சும் புதுசு. ரெண்டையும் ஒரே நேரத்துல சொமக்கணும், பாவம். வீட்டுல யாரும் சிரிச்சா சிரிக்கட்டும் தம்பி, நியூஸு வாசிக்க மாதிரியே வாசிங்க.

எல்லாப் புத்தகத்துக்கும் இது பொருந்தாது. சில மொழிபெயர்ப்பு இருக்கு, ஒரு வரிக்குள்ள மூணு "மற்றும்" வரும். அப்படி வாச்சதுன்னா எழுத்தைக் கையால மறைச்சுக்கிட்டு படத்தை வச்சு நீங்களே கதை சொல்லிருங்க, பாவமே கெடையாது. வாங்குமுன்ன கடையில நின்னு ரெண்டு பக்கத்தை வாயசைச்சு வாசிச்சுப் பாருங்க. நாக்கு இடறுதுன்னா வச்சுட்டு வந்துருங்க, படம் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

பின்னால திருப்புறதைத் தடுக்காதீங்க. சேலை காணாமப் போனதும் மொதப் பக்கத்துக்கு எதுக்குப் போறா? கொடியில அந்தச் சேலை இருந்துச்சான்னு சரி பாக்கா. நீங்க வரியைப் பாத்துக்கிட்டு இருக்கப்ப அவ படத்தை வாசிச்சுக்கிட்டு இருக்கா. மொதப் பக்கத்துல கொடியில என்னென்ன துணி, எந்த வரிசையில தொங்குதுன்னு உங்களால சொல்ல முடியுமா? அவகிட்ட கேட்டுப் பாருங்க.

பக்கம் திருப்புற வேலையையும் அவகிட்டயே குடுத்துருங்க. அதுல ஒரு வெளையாட்டு இருக்கு. வலது பக்கத்துக் கடைசி வரி சில எடத்துல முடியாம நிக்கும், "திரும்பிப் பார்த்தால்..."னு. அங்க நிறுத்திட்டு, தாளோட மேல் மூலையை உங்க கட்டைவிரலால லேசா அமுத்திக்கோங்க. அவ இழுப்பா. விடாதீங்க. உங்க மொகத்தைப் பாப்பா, தாளைப் பாப்பா, மறுபடி இழுப்பா. ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறம் விரலை எடுங்க. அந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு அவளுக்கு மனப்பாடம், ஆனாலும் கத்துவா.

ஆட்டுக்கு ஒரு குரல், பாட்டிக்கு ஒரு குரல்னு நடிக்க வேண்டாம். அது நடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. உங்க குரல்லயே வாசிங்க, இப்ப வாசிக்க வேகத்துல பாதி வேகத்துல.


ஃபாரம் மடிக்கிறவன் (சிவகாசி)

டீச்சரம்மா சொன்ன வலது பக்கத்து நிறுத்தம் தானா அமையுறது இல்லீங்க. எந்த வரி எந்தப் பக்கத்துல முடியணும்னு படம் போடுறவரும் எழுதுறவரும் கணக்குப் போட்டுத்தான் அனுப்புறாங்க. எங்க ஆபீஸ்ல ஆஃப்செட்ல ஓடுற வேலையில படப்புத்தகமும் உண்டு, அதை வச்சுச் சொல்றேன்.

ஒரு பெரிய தாள்ல இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டுன்னு அடிச்சு மூணு மடிப்பு மடிச்சா 16 பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். படப்புத்தகம் 16, 24, 32-ன்னு வர்றதுக்குக் காரணம் வேற ஒண்ணுமில்ல, தாளை வீணாக்காம மடிக்கணும். 32 பக்கத்துல தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் எல்லாம் போனா கதைக்குக் கிடைக்கிறது பன்னிரண்டு, பதினாலு விரிப்பு (எதிரெதிரா இருக்கிற ரெண்டு பக்கம் சேர்ந்தா ஒரு விரிப்பு). அதுக்குள்ள ஆடு அத்தனை துணியையும் தின்னு முடிக்கணும்.

மிஷின் ஓட ஆரம்பிக்கிறப்ப நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்ற வரைக்கும் கொஞ்சம் தாள் வேஸ்ட்டாப் போகும். யானைக்கு ரெண்டு தும்பிக்கை தெரியும், கிளி மூக்கு கிளியை விட்டுத் தள்ளி நிக்கும். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துட்டு வருவேன். மடிக்காத முழுத்தாளைத் தரையில விரிச்சா, 1-ம் பக்கத்துக்குப் பக்கத்துல 16 இருக்கும். 4-க்குப் பக்கத்துல 13 இருக்கும். 5-ம் பக்கம் 4-க்கு மேல தலைகீழா நிக்கும். 2 வேணும்னா தாளையே பொரட்டிப் போடணும். என் பையன் கதையைத் தேடித் தாளைச் சுத்திச் சுத்தி ஓடுவான். நான் ஒரு பக்கத்தை வாசிச்சு நிறுத்தினா, "அடுத்தது எங்கப்பா?"ன்னு குட்டிக்கரணம் போடாத குறையாத் தேடுவான். தேடிக் கண்டுபிடிச்சாத்தான் அடுத்த வரி. அப்புறம் ரெண்டு பேருமா மடிச்சு, ஓரத்தை வெட்டி, நடுவுல பின் அடிப்போம். புத்தகமா ஆனதும் அவனுக்கு அதுல பாதி இஷ்டம் போயிருது, தாளா இருக்கிறப்பத்தான் ஜோர்.

வாங்குறவங்களுக்கு ஒரு விஷயம். கடையில நடுப்பக்கத்தை விரிச்சுப் பாருங்க. நடுவுல பின் அடிச்சது நல்லா மலர்ந்து படுக்கும். முதுகுல பசை போட்ட பைண்டிங்கா இருந்தா ரெண்டு பக்கமும் சேர்ந்து வர்ற படத்துல நடுப்பகுதியை அது முழுங்கிரும். கரடிக்கு வயிறே இருக்காது. வாயில வைக்கிற வயசுப் பிள்ளைகளுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்குங்க, மூலையை வட்டமா டை கட்டிங் பண்ணியிருக்கான்னு தடவிப் பாத்துக்கிடுங்க.


ழகரம் (சென்னை)

பேச்சுப் பயிற்சி அளிக்கும் வேலையில் இருக்கிறேன். டீச்சரம்மாவின் கரடியை மிகவும் ரசித்தேன். ஆனால் "எழுத்தை எழுத்தாகவே" என்பதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக வைத்துவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பேச்சு நன்றாக வந்துவிட்ட, சண்டை போட்டு வாயைப் பொத்துகிற திருப்பூர்ப் பாப்பாவுக்கு அது சரி. பேச்சு தாமதப்படும் குழந்தை வந்தால் நான் எழுத்துப் பக்கமே போக மாட்டேன். படத்தைக் காட்டி "ஆடு" என்பேன். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். பெற்றோருக்கு ஆகவே ஆகாதது இந்தக் காத்திருப்புதான். இரண்டு நொடி மௌனம் வந்தால் உடனே "சொல்லு, சொல்லு, ஆடு சொல்லு" என்று நெருக்குவார்கள். குழந்தை புத்தகத்தை மூடிவிடும்.

1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு வீட்டில் வாசித்துக் காட்டும் பெற்றோரில் ஒரு பிரிவினருக்கு மட்டும் சில பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். கேள்வி கேட்க வேண்டும், குழந்தை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், பாராட்ட வேண்டும். இன்னொரு பிரிவினரும் அதே அளவு வாசித்தவர்கள்தான், ஆனால் தம் வழக்கப்படி. ஒரு மாதத்தில் முதல் பிரிவுக் குழந்தைகள் பேச்சில் தெளிவாக முன்னே போய்விட்டார்கள். குழந்தை "ஆடு" என்றால் நீங்கள் "ஆமாம், பசிக்கிற ஆடு" என்று சொல்வது, அவ்வளவுதான் விஷயம்.

ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது பற்றிக் கவலையே வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள், 2011-ல் வெளிவந்தது. புதிய சொற்களை ஒரே கதையில் மீண்டும் மீண்டும் கேட்டவர்கள், அதே சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டவர்களை விட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

விரலை வரிக்குக் கீழே ஓட்டச் சொன்னதை வழிமொழிகிறேன். குழந்தையின் கண் தானாக எழுத்துக்குப் போவதே அபூர்வம். கண் அசைவைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு 2005-லேயே இதைச் சொல்லிவிட்டது, பார்வை முழுக்கப் படத்தில்தான். பாப்பாவுக்கு "மெல்ல மெல்ல" தெரிந்தது காதால்தான், பனியன்காரரே.

ரைம்ஸ் காணொளி குழந்தைக்காக நிற்காது. உங்கள் ஆடு நிற்கும்.


பனியன்காரன் (திருப்பூர்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து ஒவ்வொண்ணா வீட்டுக்காரம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

டீச்சரம்மா சொன்னபடி பாப்பாகிட்ட கேட்டேன். கண்ணை மூடிட்டு, "சேலை, லுங்கி, பாவாடை, ஒத்தைச் சாக்ஸு"ன்னு வரிசையாச் சொல்றா. சாக்ஸ் இருக்கறதே எனக்குத் தெரியாது. எடுத்துப் பாத்தா, கடைசிப் பக்கத்துல ஆட்டோட பின்னங்காலுல அந்த சாக்ஸ் மாட்டியிருக்குது! எழுத்துல அதைப் பத்தி ஒரு வரி இல்லீங்க. படம் போட்டவரு பாப்பாவுக்குன்னு தனியா ஒரு கதை வச்சிருக்கறாரு, அது பாட்டுக்கு ஓடிட்டிருக்குது.

மூலையை அமுத்திப் பிடிச்சா அவ கத்தற கத்துல வீட்டுக்காரம்மா கரண்டியோட எட்டிப் பாத்தாங்க. பாத்தவங்க அங்கயே நின்னுட்டாங்க. குழம்பு அடி புடிச்சிருச்சு.

இப்ப ரெண்டு சந்தேகமுங்க. எங்க மாமியார் வந்திருக்காங்க, மூலனூர் பக்கம். எழுதப் படிக்கத் தெரியாது. பகல்ல பாப்பா ஆட்டுப் புத்தகத்தைக் கொண்டு போயி அவங்க மடியில போடறா. அவங்க படத்தைப் பாத்து அவங்க இஷ்டத்துக்குச் சொல்றாங்க. ஒரு நாளைக்கு அது கன்னிவாடி சந்தையில வாங்கின ஆடு, இன்னொரு நாளைக்கு நம்ம தோட்டத்துல காணாமப் போன ஆடு. எங்கிட்ட ஒரு வார்த்தை மாறினா வாயைப் பொத்தறவ, அம்மிச்சிகிட்ட வாயைத் தொறந்துட்டுக் கேட்டுட்டிருக்கா! இது பாப்பாவைக் குழப்பிடாதுங்களா?

ரெண்டாவது, சேலைப் பக்கம் கிழிஞ்சு போச்சு, இழுத்த இழுப்புல. செலோ டேப் போட்டு ஒட்டிடலாமுங்களா?


உப்பளத்து டீச்சர் (தூத்துக்குடி)

குழப்பாது தம்பி. உங்க மாமியார் வாசிக்கலை, சொல்லுதாங்கன்னு பாப்பாவுக்கு நல்லாவே தெரியும். நீங்க விரலை வரியில வைக்கீங்க, அவங்க வைக்கது இல்ல. உங்ககிட்ட ஆடு மெல்ல மெல்லத்தான் போகணும், அங்க அது சந்தைக்கே போகலாம். ரெண்டும் கிடைக்கிற பிள்ளை கொடுத்து வச்சது. எழுத்தே இல்லாத படப்புத்தகமும் கடையில இருக்கு, அதுல ஒண்ணு வாங்கி அம்மிச்சிக்குன்னே குடுங்க. அதை நீங்க வாசிக்கப் போகாதீங்க.

ழகரம் சொன்னதையும் ஏத்துக்கிடுதேன். எங்க பால்வாடியிலயும் வாயே திறக்காத பிள்ளைக வரும். அதுகளுக்கு முதல் ஒரு மாசம் வெறும் படம்தான், கூடவே ஆடு கத்துற சத்தம், கோழி கத்துற சத்தம். ஆனா அதுகளும் ஓரத்துல உக்காந்து மத்தவங்களுக்கு வாசிக்கதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கும், அதைத் தடுக்கக் கூடாது.

உங்களுக்கு மனசு கேக்கலைன்னு சொன்னீங்களே. உப்பளத்திலிருந்து பிள்ளையைக் கூப்பிட வர்ற அம்மாமாரு வாசப்படியில உக்காந்துருவாங்க. "கதை முடியட்டும் டீச்சர், என்ன அவசரம்"பாங்க. வீட்டுல அடுப்புப் பத்த வைக்கணும், தண்ணி பிடிக்கணும், எல்லாம் கிடக்கும். அவங்களுக்கும் அதுக்கு முன்ன யாரும் வாசிச்சுக் காட்டினது கெடையாது. நீங்க உங்க வீட்டுக்காரம்மாவையும் பக்கத்துல கூப்பிட்டு உக்கார வைங்க, குழம்பை முன்னாலயே இறக்கி வச்சுட்டு.

டேப்பைப் பத்தி சிவகாசித் தம்பிதான் சொல்லணும்.


ஃபாரம் மடிக்கிறவன் (சிவகாசி)

செலோ டேப் வேண்டவே வேண்டாம். கொஞ்ச நாள்ல மஞ்சளாகி, பசை வெளிய கசிஞ்சு எதிர்ப் பக்கத்தையும் பிடிச்சுக்கிடும். பிரிச்சா படமும் சேர்ந்து வந்துரும்.

மைதாவைத் தண்ணியில கரைச்சு, கட்டி தட்டாமக் கிண்டிக் காய்ச்சுங்க. தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டி. பைண்டிங்காரங்க பூச்சி வராம இருக்க அதுல மயில்துத்தம் போடுவாங்க, பிள்ளை கையில போற புத்தகத்துக்கு அதைப் போடாதீங்க, விஷம். உங்க கம்பெனியில ஏற்றுமதிப் பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வைக்கிற மெல்லிசுத் தாள் இருக்கும்ல, அதுல ஒரு விரல் அகலத்துக்குக் கீற்று எடுத்துக்கிடுங்க. கத்தியால வெட்டாம கையால கிழிங்க, ஓரம் படியும். கிழிசலை ஒண்ணா நேர் வச்சு, எழுத்து இல்லாத பக்கமாப் பாத்துப் பசையை லேசாத் தடவி கீற்றை ஒட்டுங்க. மேலயும் கீழயும் பட்டர் பேப்பர் வச்சு, புத்தகத்தை மூடி, அம்மிக்கல்லோ அரிசி டின்னோ ஏத்தி ராத்திரி முழுக்க விடுங்க.

அன்னைக்கு ராத்திரிக்கு வேற புத்தகம் ஒண்ணு தயாரா இருக்கட்டும்.